உலக வரலாறு நம் கடற்கரையைத் தொட்ட இடங்கள்: கடலூர், புதுச்சேரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரலாறு என்றதும் ரோம், பாரிஸ், லண்டன் என்று பாடப்புத்தகம் நம்மைத் தொலைவுக்கு அழைத்துப் போய்விடுகிறது. கெடிலம் ஆறு கடலில் சேரும் தேவனாம்பட்டினத்திலிருந்து அரியாங்குப்பம் ஆற்றங்கரை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் ரோமானியப் பேரரசின் மதுச்சாடி இருக்கிறது, அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை இருக்கிறது, வெள்ளிக் கோளைப் பார்க்க வந்து ஏமாந்த வானியலாளர் ஒருவரும் இருக்கிறார். பழைய கடலூரையும் புதுச்சேரியையும் சுற்றிக் காட்டும்போது மாணவர்களும் வெளியூரிலிருந்து வரும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

அரிக்கமேட்டில் ரோமானியர்கள் வாழ்ந்தார்களா?

ரோமானியப் பொருட்கள் வந்தன என்பது உறுதி. ரோமானியர்கள் அங்கே ஊர் அமைத்துக் குடியிருந்தார்கள் என்பதற்கு அந்த அளவு உறுதி கிடையாது. இரண்டும் வேறு வேறு.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஒரு மதுச்சாடியின் உடைந்த பகுதியைப் பார்த்தார். மத்தியத் தரைக்கடல் நாடுகளில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிக் கப்பலேற்றும் இரட்டைக் கைப்பிடிச் சாடி அது. புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்தது என்று தெரிந்ததும் அவர் இங்கே வந்தார். 1945-இல் அகழாய்வு நடந்தது. அத்தகைய சாடிகளின் துண்டுகள் நிறையக் கிடைத்தன. அவற்றோடு இத்தாலியின் அரெட்சோ பகுதியில் செய்யப்பட்ட பளபளப்பான சிவப்பு மட்கலங்களின் துண்டுகளும் வெளிவந்தன. இந்தச் சிவப்புக் கலங்கள் எந்தக் காலத்தவை என்பது ஐரோப்பிய ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அதே மண் அடுக்கில் கிடைத்த நம் உள்ளூர்ப் பானைகளுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டி ஒரு காலத்தைக் குறிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அதுவரை அப்படியொரு பிடிமானம் வாய்த்திருக்கவில்லை. அரிக்கமேட்டின் பெரிய கொடை அதுதான்.

ஆனால் வீலரின் பார்வை ரோமிலிருந்து நம் கரையைப் பார்த்த பார்வை. உள்ளே சக்கர அச்சு வரிகள் கொண்ட மெல்லிய தட்டுகளை மத்தியத் தரைக்கடல் சரக்கு என்றே அவர் எண்ணினார். பிற்கால ஆய்வில் அவை இந்திய மண்ணில் செய்தவை என்று தெரிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் தோண்டியபோது, ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்பதும், அந்த வணிகம் ஓய்ந்த பின்னும் மக்கள் நடமாட்டம் இருந்தது என்பதும் தெளிவாயின. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்துள்ளன. கண்ணாடியை இழுத்துச் சிறு மணிகள் செய்யும் தொழில் அங்கே செழித்திருந்தது. அத்தகைய மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கின்றன. எனவே ரோமானியத் துறைமுகம் என்று அறிமுகப்படுத்துவது எனக்கு ஏற்புடையதன்று. மணி செய்தவர்களும் பானை வனைந்தவர்களும் வாழ்ந்த ஊர் அது. அவர்களிடம் சரக்கு வாங்க ரோமானியத் தங்கம் கடல் கடந்து வந்தது.

எகிப்திலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்தார்கள்?

காற்றை நம்பி வந்தார்கள். ஜூலை வாக்கில் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டால் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கடத்திவிடும். ஆண்டின் கடைசியில் வடகிழக்குக் காற்று எழும்போது திரும்பிவிடலாம். கிழக்குக் கரைக்குச் சரக்கைக் கொண்டுவந்ததில் நம் உள்ளூர்க் கலங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய வழிகாட்டிக் குறிப்பு, இந்தக் கரையின் துறைமுகங்களுள் ஒன்றாகப் பொதுகே என்ற ஊரைச் சொல்கிறது. அது அரிக்கமேடாக இருக்கலாம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

அந்தப் பக்கச் சான்றும் இருக்கிறது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்துக் கோயில் ஒன்றில், இந்தியப் பானைக்குள் 7 கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்விடுகிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி குறைபட்டுக்கொண்டார். இறக்குமதிச் செலவைப் பற்றிய கவலைக்கு அவ்வளவு வயது.

சோழர் காலத்தில் கடலூர்ப் பகுதிக்கு வெளிநாட்டுத் தொடர்பு இருந்ததா?

இருந்தது. 1077-இல் சோழ அரசிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவின் சோங் பேரரசுக்குச் சென்றதைச் சீன ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. நம் மாவட்டத்துக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் சிதம்பரம் கோயிலுக்குப் போக வேண்டும். கம்போஜ மன்னர், அதாவது இன்றைய கம்போடியாவை ஆண்டவர், சோழ மன்னருக்குக் காட்சிப் பொருளாகக் கொடுத்த கல் ஒன்று கோயிலில் பதிக்கப்பட்டதை முதலாம் குலோத்துங்கன் காலத்து 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

ஒரே நாளில் கடலூரில் ஒரு தேதியும் புதுச்சேரியில் வேறு தேதியும் இருந்தனவாமே?

1752 வரை அப்படித்தான். பழைய ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். நூற்றாண்டுகள் போகப் போக அந்தப் பிழை நாட்களாகச் சேர்ந்தது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி அதைத் திருத்தினார். கத்தோலிக்க பிரான்ஸ் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. போப்பின் ஆணையை ஏற்க மனமில்லாத இங்கிலாந்து 170 ஆண்டுகள் பழைய கணக்கிலேயே இருந்தது. ஆகவே புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்களுக்கும் கடலூரின் ஆங்கிலேயர்களுக்கும் பதினேழாம் நூற்றாண்டில் 10 நாளும், 1700-க்குப் பிறகு 11 நாளும் வேறுபட்டன.

பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்தது பிரெஞ்சுக் கணக்கில் 1746 செப்டம்பர் 21. ஆங்கிலேயர் கணக்கில் அதே நாள் செப்டம்பர் 10. இது போதாதென்று இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் ஆண்டே ஒன்று குறைவாக இருக்கும். 1752-இல் ஆங்கிலேயர் திருத்தத்தை ஏற்றபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது.

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், தமிழ் வருடப் பெயர், மாதம், தேதி, கிழமை எல்லாம் கொடுத்திருக்கிறார். இரண்டு ஐரோப்பியக் கணக்குகளுக்கும் நடுவே நின்ற அந்தத் தமிழ்த் தேதிகள் இன்றும் ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கின்றன. பழைய ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் தேதியை எழுதியவர் யார் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குண்டு போட்டு ஊர் வாங்கினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்துகொண்டு முகலாயரை எதிர்த்துப் போராடி வந்தார். அவருக்குப் பணம் தேவைப்பட்டது. கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேரும் என்பது ஒப்பந்தம். பெரிய பீரங்கி ஒன்றைக் கொண்டுவந்து பல திசைகளிலும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. காலையில் ஒரு அரசின் குடிகளாக எழுந்தவர்கள், ஒரு வெடிச் சத்தத்துக்குப் பிறகு வேறொரு கம்பெனியின் குடிகள் ஆனார்கள். அந்த ஏற்பாட்டை இன்று சுவையான கதையாகச் சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். ஊழல் குற்றச்சாட்டுகளுக்கு இடையே 1692-இல் அவர் பதவி இழந்தார். ஆனால் சேர்த்த செல்வம் அவரிடமே இருந்தது. 1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு அவர் 9 மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு விற்ற பணத்தில் கட்டடம் எழும்பியது, கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான். அந்தச் செல்வத்தின் வேர் சோழமண்டலக் கரையின் வணிகத்தில் இருக்கிறது.

சென்னையைக் கனடாவில் உள்ள ஒரு கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்களா?

ஆம். ஆஸ்திரிய நாட்டு அரியணைக்கு யார் வாரிசு என்று 1740-இல் ஐரோப்பாவில் மூண்ட போர் உலகம் முழுக்கப் பரவியது. 1745-இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் படை, கனடாவில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து லூயிபூர்க் கோட்டையைப் பிடித்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748-இல் சமாதானம் பேசியபோது லூயிபூர்க் பிரான்சுக்கும் சென்னை இங்கிலாந்துக்கும் திரும்பின. இரண்டு கோட்டையையும் உயிரைக் கொடுத்துப் பிடித்தவர்கள் இரு பக்கமும் கொதித்தார்கள்.

கடலூருக்கு இதில் தனி இடம் உண்டு. சென்னை கைவிட்டுப் போனதும் ஆங்கிலேயரின் தென்னிந்தியத் தலைமையிடம் புனித டேவிட் கோட்டைக்கு மாறியது. 1752 வரை இங்கேதான் இருந்தது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்த கம்பெனி எழுத்தர்களுள் ராபர்ட் கிளைவும் ஒருவர். பின்னாளில் அவர் இந்தக் கோட்டையின் ஆளுநரானார். வங்காளத்துக்கும் பிளாசிக்கும் போனது அதற்குப் பிறகுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அவர்கள் அந்த நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். இன்று வெள்ளை நகரத்தில் நாம் பார்க்கும் கட்டடங்கள் அந்த அழிவுக்குப் பிறகு எழுந்தவை.

வெள்ளிக் கோளைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் யார்?

கியோம் லெ ஜான்தி. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே வெள்ளி கடக்கும்போது, சூரிய வட்டில் அது ஒரு கரும்புள்ளியாக நகரும். பூமியின் பல இடங்களிலிருந்து அதன் நேரத்தைக் குறித்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். 8 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நிகழ்ந்தால், அடுத்தது நூறு ஆண்டுக்கு மேல் கழித்துத்தான்.

1761 ஜூன் 6-ஆம் தேதிக் கடப்பைப் புதுச்சேரியில் பார்க்க அவர் 1760-இல் பிரான்சிலிருந்து கிளம்பினார். இந்தியக் கரையை நெருங்கியபோது நகரம் ஆங்கிலேயர் வசம் போய்விட்டது என்ற செய்தி வந்தது. கப்பல் திரும்பியது. கடப்பு நடந்த நாளில் வானம் தெளிவாக இருந்தும், ஆடும் கப்பலிலிருந்து எடுத்த அளவு எதற்கும் உதவவில்லை. ஊர் திரும்பாமல் அடுத்த கடப்புக்காக இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கிவிட்டார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மேல் ஒரு நோக்ககம் அமைத்தார். 1769 ஜூன் 4 விடியற்காலையில் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-இல் பிரான்ஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர்கள் சொத்துப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடமும் வேறொருவருக்குப் போயிருந்தது.

இந்தக் கதையை எல்லோரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமானது இதன் இன்னொரு பாதி. காத்திருந்த மாதங்களில் லெ ஜான்தி, கிரகணம் கணிக்கும் தமிழர் ஒருவரிடம் அந்த முறையைக் கற்றார். தாளோ பேனாவோ இல்லை. சோழிகளைத் தரையில் நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு அந்தத் தமிழர் கணக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழ்க் கணிப்பு 41 வினாடி குறைவாகவும், ஐரோப்பாவில் பெயர் பெற்ற மேயரின் அட்டவணை 68 வினாடி அதிகமாகவும் காட்டியது என்று லெ ஜான்தியே பதிவு செய்தார். 1825-இலும் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் இதே போலச் சோழிகளை வைத்துக் கிரகணம் கணித்ததை ஜான் வாரன் என்ற வானியலாளர் எழுதி வைத்தார். பாபிலோனிய வானியலை ஆராய்ந்த ஆட்டோ நொய்கெபவர் 1952-இல் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, அதில் பழைய பாபிலோனிய முறையின் சாயலைக் கண்டார். உலக வரலாற்றில் புதுச்சேரிக்கு உள்ள இடங்களில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை கடலூரிலா?

அந்தப் போரை ஒட்டி மூண்ட பிரெஞ்சு, ஆங்கிலேயச் சண்டைகளில் கடைசியானது இங்கேதான் நடந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஆதரவாக 1778-இல் பிரான்ஸ் போரில் இறங்கியது. உடனே புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தனர். மைசூரின் ஹைதர் அலி பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து நின்றார். 1781 ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் அவர் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. 1782-இல் கடலூர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளின் கைக்கு வந்தது.

அதை மீட்க 1783 ஜூன் மாதம் ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். உள்ளே பிரெஞ்சுத் தளபதி பூசியின் படை, வெளியே ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை. ஜூன் 13-இல் நடந்த தாக்குதலில் இரு பக்கமும் பெருஞ்சேதம். ஜூன் 20-இல் கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்கள் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்கொண்டன. எந்தக் கப்பலும் மூழ்கவில்லை, ஆனால் ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கினார். ஜூன் 25-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து மறுபடி தாக்கினார்கள்.

இத்தனைக்கும் பிரான்சும் இங்கிலாந்தும் ஜனவரி 20-ஆம் தேதியே முதற்கட்டச் சமாதானத்தில் கையெழுத்திட்டிருந்தன. அந்தச் செய்தி கடலூருக்கு வந்து சேர ஜூன் மாதக் கடைசி ஆகிவிட்டது. முடிந்துபோன போருக்காக நம் மண்ணில் ஐந்து மாதம் கழித்தும் ஆட்கள் செத்தார்கள். அவர்களில் ஐரோப்பியர் மட்டுமல்ல, இரு தரப்பிலும் கூலிக்குச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

புதுச்சேரித் துணி ஆப்பிரிக்காவில் பணமாகப் புழங்கியதா?

ஆம். அவுரிச் சாயம் தோய்த்த கருநீலப் பருத்தித் துணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர்கள் அதை மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுக் கரைக்குக் கொண்டுபோய்க் கருவேல இனப் பிசினுக்கு மாற்றினார்கள். அங்குள்ள பாலைவன வணிகர்கள் துணியைத் தொட்டும் முகர்ந்தும் தரம் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஆலைகளின் போலித் துணியை ஏற்காமல் திருப்பிவிடுவார்கள். விலையையே இத்தனை துண்டுத் துணி என்று பேசும் அளவுக்கு அது நாணயமாகிவிட்டது. வாங்கிய பிசின் ஐரோப்பாவில் துணி அச்சிடப் பயன்பட்டது. வில்லியனூர் வரை நெய்தவர்களும் சாயமிட்டவர்களும் தங்கள் கைவேலை சகாராவின் ஓரத்தில் என்ன மதிப்புப் பெற்றது என்பதை அறிந்திருக்க வழியில்லை.

பண்ருட்டி முந்திரி வெளிநாட்டுப் பயிரா?

தாயகம் பிரேசில். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள். வேர்க்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அது நம் செம்மண்ணில் நன்றாகப் பிடித்துக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்தின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. பலா மட்டும் நம்முடையது.

கரீபியன் தீவுகளில் மாரியம்மன் கோயில்கள் எப்படி வந்தன?

1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் பழைய முதலாளிகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் திரும்ப மறுத்தார்கள். அந்த இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஒரேலி என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் தொகுதியை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குத்தான் என்றாலும் திரும்பி வந்தவர்கள் குறைவு. தமிழ் அவர்கள் நாவை விட்டுப் போய்விட்டது. மாரியம்மனும் மதுரை வீரனும் போகவில்லை.

பாரதியார் ஏன் புதுச்சேரிக்கு வந்தார்?

ஆங்கிலேயரின் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது என்பதால். 1908-இல் வந்தார், பத்து ஆண்டு இருந்தார். அரவிந்தர் 1910-இல் வந்தார். உளவாளிகள் தெருவில் நிற்கலாம், கைது செய்ய முடியாது. 1918 நவம்பர் 20-இல் எல்லையைத் தாண்டியதும் பாரதியார் கைதானார். கடலூர்ச் சிறையில் டிசம்பர் 14 வரை வைத்திருந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரம் அது.

புதுச்சேரிக்கு விடுதலை 1947-லா, 1954-லா, 1962-லா?

நடைமுறையில் 1954 நவம்பர் 1. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16.

1954 மே மாதம் வியட்நாமின் தியென் பியென் பூவில் பிரான்ஸ் தோற்றது. தொலைவிலுள்ள குடியேற்றங்களைப் பிடித்து வைத்திருக்கும் தெம்பு அதற்குக் குறைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றனர், 8 பேர் எதிர்த்தனர். இரண்டு வாரத்தில் நிர்வாகம் கைமாறியது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தை விட்டுக்கொடுத்தால் அது முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம் அங்கே பலருக்கு இருந்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அடுத்த மாதமே புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியானது.

இவற்றை எங்கே போய்ப் பார்க்கலாம்?

அரிக்கமேட்டுப் பொருட்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டுப் பிறகு மேட்டுக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் மேட்டில் பழைய சுவர்களையும் மரங்களையும் தவிர வேறொன்றும் தெரியாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடும், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடும் இருக்கின்றன. கீழூரில் வாக்கெடுப்பு நினைவிடம் உள்ளது. தேவனாம்பட்டினத்தில் கோட்டையின் மிச்சம் கொஞ்சமே. கெடிலம் கரையில் நின்று எந்தத் திசையில் எவ்வளவு தூரம் குண்டு போயிருக்கும் என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். கையில் ஒரு வரைபடம் இருந்தால் போதும்.